தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள்

பழைய கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்துவிட்டால் நம்மவர்கள் முதல் வேலையாக அதைத் துலக்கிவிடுவார்கள். பித்தளைக்குப் புளி, இரும்புக்கு உப்புத்தாள், கட்டைக்கு இரண்டு கோட்டு வார்னிஷ். ஒரே மத்தியானத்தில் இருநூறு வருஷம் சாக்கடையில் போய்விடும். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். தாத்தா காலத்துப் பொருளாம். "எப்படி ஜொலிக்குது பாருங்க சார்!" என்றார் வீட்டுக்காரர். ஜொலிக்கத்தான் செய்தது. குழலின் மேல் குத்தியிருந்த முத்திரைகள் நிழலாகத்தான் மிஞ்சியிருந்தன. பெயர் வெட்டியிருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. யார் செய்தது, எந்தப் படைக்குப் போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல மனசு வரவில்லை. "நல்லா இருக்கு சார்" என்று காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சக்கிமுக்கிக் கல் வைத்துச் சுடும் அந்தக் காலத்து ராணுவக் கைத்துப்பாக்கிகளைத் தேடிப் பார்ப்பதும், முடிந்தால் சேர்ப்பதும் என் பொழுதுபோக்கு. நான் சரித்திரம் படித்தவன் இல்லை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்ந்தவன். அதனால் எதை எடுத்தாலும் மரையும் ஸ்பிரிங்கும்தான் முதலில் கண்ணில் படும். இந்தப் பொழுதுபோக்கில் அந்தக் கண்தான் எனக்குச் சோறு போட்டது என்பேன்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இருநூறு வருஷத்துப் பொருள்தானே, யார் கேக்கப் போறாங்க" என்பது செல்லாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு கொக்கியும் இருக்கிறது: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்கவேண்டும். நல்ல நிலையில் உள்ள சக்கிமுக்கித் துப்பாக்கி இன்றைக்கும் சுடும். மருந்தும் ஈயக் குண்டும் ஒரு கல்லும் இருந்தால் போதும். ஆகவே வயசை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. என்னிடம் இருப்பதெல்லாம் செத்தவை: பின்பக்கம் துரு தின்று குழலில் ஓட்டை விழுந்தது, லாக் (பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் இயந்திரப் பகுதி) இல்லாத கட்டை, கட்டை இல்லாத லாக். எதையும் வாங்குவதற்கு முன்னால் படம் எடுத்து, அளவு எழுதி, வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு மனுப் போட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், வெச்சுக்கங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த மாசம் மாற்றலாகிப் போயிருப்பார்.

வெளிநாட்டு ஏலத்தில் எடுத்து கூரியரில் வரவழைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். சுங்கத்தில் மாட்டும்.

வடசென்னையில் இதெல்லாம் எங்கே கிடைக்கிறது என்று கேட்கிறார்கள். எங்கள் ஊர் துப்பாக்கிக்கு அந்நியமில்லை. 1758 டிசம்பரில் தொடங்கி 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டது கருப்பர் நகரத்துப் (இன்றைய ஜார்ஜ் டவுன்) பக்கமிருந்துதான். அடுத்த பத்து வருஷத்தில் ஹைதர் அலியின் குதிரைப்படை மதராஸ் வாசல்வரை வந்துபோன பயத்தில் கட்டிய மதிலின் மிச்சம் இன்னும் பழைய ஜெயில் ரோட்டில் நிற்கிறது. ராயபுரத்துக்குப் போகும் வழியில் கிளைவ் பேட்டரி என்று பஸ் கண்டக்டர் கூவுவதும் பீரங்கி மேட்டின் பெயரைத்தான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு காயலாங்கடையில் கிளைவ் காலத்துப் பிஸ்டல் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். கடைக்கு வருவதில் பெரும்பாலானவை சினிமாவுக்காக வார்த்த டம்மி, சுவரில் மாட்ட வாங்கின அலங்காரப் பொருள், இல்லாவிட்டால் உடைந்த நாட்டுத் துப்பாக்கி. 1985-இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டைப் பற்றி மூத்தவர்கள் சொல்லும் கதைகளில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டே கேட்கவேண்டும். ராயபுரம், பெரம்பூர் பக்கம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போதுதான் எப்போதாவது உண்மையான சரக்கு வெளியே வரும்.

விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். திப்பு சுல்தான் துப்பாக்கி, கட்டபொம்மன் துப்பாக்கி என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு பேரும் மாண்டது 1799-இல் என்பதால் அந்த வருஷத்தின் மேல் வியாபாரிகளுக்குத் தனிப் பிரியம். திப்புவின் பட்டறையில் செய்தவற்றில் புலியும் புலிவரியும் எங்கும் இருக்கும், வருஷமும் அவர் கணக்குப்படிதான் வெட்டியிருக்கும். வெறும் பூ வேலைப்பாட்டைக் காட்டி "இது திப்புது" என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பொருள் கைக்கு வந்ததும் முதல் சோதனை, உள்ளே மருந்து கெட்டித்தபடி இருக்கிறதா என்பது. விளையாட்டில்லை. குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள், கெட்டித்த நிலையிலேயே பரணில் கிடந்து கைமாறுவது உலகம் முழுக்க நடப்பது. கருமருந்து நனையாமல் இருந்தால் வயசானாலும் வீரியம் போகாது. ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலின் வாய் வழியாக அடிவரை விட்டு, வாய் விளிம்பில் குறி போட்டுக்கொள்ளுங்கள். குச்சியை எடுத்துக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் தீத்துளைக்கு (மருந்துக்குத் தீ போகும் சின்னத் துளை) நேராகக் குச்சியின் முனை வந்தால் குழல் காலி. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. நோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள், டிரில் போடாதீர்கள். வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். இரும்பு வாங்கும் பாய் ஒருவர் இதை என்னிடம் பார்த்துவிட்டு, "இன்னா ஃபிட்டரே, தெர்மாமீட்டர் வெக்கிறியா?" என்று கிண்டல் செய்தார். இப்போது அவரே கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறார்.

அடுத்து லாக். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியல் போன்ற பாகத்துக்குக் குதிரை என்று பெயர். விசையை இழுத்ததும் அது பாய்ந்து வந்து எதிரே நிற்கும் எஃகு மூடியில் மோதும். மூடி மேலே தள்ளிக்கொள்ள, அடியில் இருக்கும் கிண்ணத்து மருந்தில் பொறி விழும். அது பற்றி, தீத்துளை வழியாக உள்ளே போய்க் குழல் மருந்தைப் பற்றவைக்கும். பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கல் எஃகைச் சீவுகிறது. சீவிய எஃகுத் துகள்தான் எரிகிறது. அதனால் உண்மையில் சுடப்பட்ட துப்பாக்கியில் எஃகு மூடியின் முகத்தில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருக்கும். கிண்ணத்திலும் தீத்துளையைச் சுற்றியும் மருந்துப் புகையின் உப்பு அரித்த குழிகள் இருக்கும். முகம் மொழுக்கென்று இருந்து குழலில் மட்டும் பயங்கரத் துரு என்றால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

பிறகு மரை. ஜோசப் விட்வொர்த் மரைக்கு ஒரு பொது அளவு முன்வைத்தது 1841-இல்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஆகவே பட்டறையில் கிடக்கும் சாதாரண மரை கேஜை (மரையின் இடைவெளியை அளக்கும் பல் தகடுகள்) எடுத்து ஸ்க்ரூவில் வைத்தால், அசல் எதிலும் ஒழுங்காக உட்காராது. ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் மெட்ரிக் அளவுக்குச் சரியாக வந்தால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். எல்லா ஸ்க்ரூவும் கச்சிதமாக உட்கார்ந்தால் அந்தத் துப்பாக்கிக்கு என்னைவிட வயசு கம்மி. இந்த ஒரு சோதனைக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், இருபது பல் உள்ள ஒரு கேஜ் போதும்.

லாக்கைக் கழற்றுவதற்கு முறை உண்டு. குதிரையைப் பாதி ஏற்றில், அதாவது பாதி தூரம் பின்னால் இழுத்த நிலையில், நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் உள்ள ஸ்க்ரூக்களை முழுசாகக் கழற்றாமல் மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஸ்க்ரூத் தலையை மெல்லத் தட்டினால் லாக் தானாக வெளியே நகரும். நெம்பினால் கட்டையின் விளிம்பு சிலும்பாகப் பிய்ந்துவிடும், பிய்ந்தது பிய்ந்ததுதான். கடையில் விற்கும் ஸ்க்ரூடிரைவர் பழைய மெல்லிய வெட்டுக்குள் இறங்காது. நுனியைக் கல்லில் பிடித்துத் தேய்த்து, ஒவ்வொரு வெட்டுக்கும் பொருந்துகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். மெயின் ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்கென்று சின்ன வைஸ் உண்டு. அது இல்லாமல் கையால் முயன்றால் ஸ்பிரிங் உடையும், அல்லது விரல் நகம் போகும். கல் இல்லாத குதிரையைச் சும்மா சொடுக்கிப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. தடுக்கக் கல் இல்லாததால் குதிரை முழு வேகத்தில் இரும்பில் அடித்துக் கழுத்தில் முறியும்.

லாக் வெளியே வந்ததும் உள்பக்கத்தைப் பாருங்கள். பார்க்கும்போது லென்ஸ் வேண்டும், அவசரம் கூடாது. அசலில் வெளிப்பக்கம் கறுத்திருக்கும். கட்டைக்குள் மறைந்திருந்த பக்கம் சாம்பல் நிறத்தில், அரம் போட்ட கோடுகூடத் தெரிகிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு லாக்கின் பாகங்களையும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்திய பிறகு, அவை கலந்துவிடாமல் இருக்க அரத்தால் ஒரே மாதிரி வெட்டுக் குறி போடுவார்கள். இரண்டு கோடு என்றால் ஸ்க்ரூவிலும் இரண்டு கோடு, பாலத்திலும் (உள்பாகங்களைப் பிடித்து நிறுத்தும் சின்னத் தகடு) இரண்டு கோடு. என்னிடம் உள்ள ஒரு லாக்கில் எல்லாவற்றிலும் மூன்று கோடு. குதிரையைப் பிடிக்கும் ஸ்க்ரூவில் மட்டும் ஒன்று. என்றோ ஒரு படைப் பட்டறையில் இரண்டு துப்பாக்கியைக் கலந்து ஒன்றை ஒப்பேற்றிய ஆயுதக்காரர் என் சாதிக்காரர், ஃபிட்டர் சாதி.

செயற்கையாக வயசேற்றினது இதற்கு நேர்மாறாக இருக்கும். உப்புத் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ போட்டு எடுத்திருப்பதால் உள்ளும் புறமும் ஒரே ஆரஞ்சுத் துரு. ஸ்க்ரூ வெட்டுக்குள்கூடத் தூள் தூளாக இருக்கும். வட இந்தியாவில் வெளிநாட்டினரின் போர் நாடகங்களுக்காக நகல்கள் செய்கிறார்கள். தீத்துளை போடாமலே ஏற்றுமதி செய்வார்கள். அது ஒளிவுமறைவில்லாத தொழில், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. வாங்கி மண்ணில் புதைத்து எடுத்து விற்கிறவர்கள்தான் வேறு ரகம். வடமேற்கு எல்லைப்புறக் கைவினைஞர்கள் செய்த நகல்களில், பிரிட்டிஷ் படைத் துப்பாக்கிகளில் வெட்டும் டவர் என்ற ஆங்கில எழுத்துகளே பிழையாக இருக்கும். படிக்கத் தெரியாமல் பார்த்து வெட்டியவை. அவற்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு, பிரிட்டிஷ் விலை கொடுத்து வாங்காதவரை.

முத்திரைகளில் நம் பக்கத்துக்கு முக்கியமானது கிழக்கிந்தியக் கும்பெனியுடையது. 1808-க்கு முன்னால் இதய வடிவத்துக்குள் நாலு பாகமாகப் பிரித்துக் கும்பெனியின் எழுத்துகள், கூடவே செய்தவர் பெயரும் வருஷமும். 1808-இலிருந்து கிரீடம் ஏந்தி எழுந்து நிற்கும் சிங்கம். சிங்கம் இருந்து 1780 என்று வருஷமும் வெட்டியிருந்தால், யோசிக்காமல் கீழே வைத்துவிடுங்கள். அரசருடைய படைக்குச் செய்தது என்றால் லாக்கில் கிரீடமும் ஜார்ஜ் அரசரின் எழுத்தும் டவர் என்ற சொல்லும் இருக்கும். 1800-ஐ ஒட்டி வந்த பிரிட்டிஷ் குதிரைப்படைக் கைத்துப்பாக்கியில் குழல் 9 அங்குலம், துளை ஏறக்குறைய 16.5 மில்லிமீட்டர். கெட்டிக்கும் கம்பி கீலில் மாட்டித் தொங்கும், குதிரை மேல் போகிறவன் கையிலிருந்து நழுவாமல் இருக்க. கடற்படைக்கானதில் இடுப்பில் மாட்ட ஒரு நீளமான இரும்புக் கொக்கி. இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கடைக்காரர்களைச் சமாளிக்கலாம்.

மாற்றப்பட்டவை இன்னொரு தலைவலி. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியாருக்குப் பறவை வேட்டையில் பிரியம். கிண்ணத்து மருந்து பளிச்சிட்டதும் பறவை பறந்துவிடுகிறதே என்ற எரிச்சலில் தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். அது கேப்பாக (தட்டினால் வெடிக்கும் மருந்து அடைத்த சின்ன உலோகத் தொப்பி) வளர்ந்து 1840-களில் படைகளுக்குள் பரவலானதும், பழைய சக்கிமுக்கி லாக்குகளில் கிண்ணத்தையும் எஃகு மூடியையும் பிடுங்கிவிட்டுத் திருத்தினார்கள். பிற்காலத்தில் சேகரிப்பவர்கள் சக்கிமுக்கிக்குத்தான் அதிக விலை தருகிறார்கள் என்று தெரிந்ததும் சிலர் அதைத் திருப்பிச் சக்கிமுக்கியாக்கினார்கள். லாக் தட்டின் உள்பக்கத்தில் அடைத்த துளைகளின் வட்டம் லென்ஸில் தெரியும். கிண்ணம் மட்டும் புது இரும்பு நிறத்தில் இருக்கும். குழலில் தீத்துளையைச் சுற்றிப் வெல்டிங் செய்த வளையம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். என் கட்சி வேறு. கேப்புக்கு மாற்றினதை அப்படியே விட்டவை எனக்குப் பிடிக்கும். அதுவும் அந்தத் துப்பாக்கி பட்ட பாடுதானே.

இனி பராமரிப்பு. கடற்காற்று ராயபுரத்தில் ஜன்னல் கம்பியையே தின்கிறது. இரும்பைச் சும்மா வைக்க முடியாது. ஆனால் பழுப்பாக இறுகிப்போன துருவும் ஈரமாக, சிவப்பாக வளரும் துருவும் வேறு வேறு. முன்னதைத் தொடக்கூடாது. பின்னதை மட்டும் தையல் மெஷின் எண்ணெயில் சில நாள் ஊறவிட்டு, செப்புக் காசின் விளிம்பால் லேசாகச் சுரண்டினால் போதும். செம்பு இரும்பைவிட மிருது என்பதால் கீறல் விழாது. அமிலம், வயர் பிரஷ், பஃபிங் மூன்றும் எதிரிகள். பித்தளையில் பச்சைக் களிம்பு இருந்தால் எண்ணெய் தொட்ட துணியால் எடுங்கள். புளி வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். எண்ணெய் கட்டையில் இறங்கக் கூடாது. லாக்கைச் சுற்றியுள்ள மரம் வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்தால் கறுத்துச் சொதசொதவென்று ஆகிவிடும். அதனால் வாயைக் கீழாக வைத்துத்தான் நிறுத்துவேன். தோல் உறைக்குள் போட்டு மூடி வைப்பது ரொம்பத் தப்பு. தோலில் இருக்கும் ஈரமும் புளிப்பும் பித்தளையையும் இரும்பையும் சேர்த்தே அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். வெறுங்கையால் தொட்டால் துடைத்துவிட்டு வையுங்கள்.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க இரண்டு இடம் போதும். ஒன்று, கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம். 1795-இல் கட்டி முடித்த கட்டடம், ஊரின் முதல் கலங்கரை விளக்கம் இதன் மாடியில்தான் எரிந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து பஸ் ஏறிவிடாதீர்கள். இன்னொன்று எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பகுதி. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களும் கோட்டைக் கிடங்கிலிருந்து வந்தவையும் அங்கே உண்டு. கண்ணாடிக்கு வெளியே நின்று ஒவ்வொன்றிலும் ஒரே பாகத்தை மட்டும் பாருங்கள். ஒரு நாள் குதிரையின் கழுத்து, இன்னொரு நாள் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தால் வெளியே வரும்போது எதுவும் நினைவில் நிற்காது.

சிங்கப்பூரில் இருக்கும் என் பையன், "அப்பா, உங்க சாமானில் ஒன்னை இங்க அனுப்புங்க, ஹாலில் மாட்டணும்" என்றான். முடியாது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பொருளைத் தனியாள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. வியாபாரமாகச் செய்வதென்றால் உள்நாட்டில் விற்பதற்கும் உரிமம் வேண்டும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உறை போட்டு, யாரிடம் எப்போது வாங்கினேன், அளவு என்ன, எந்த முத்திரை எங்கே இருக்கிறது, அலுவலகத்தில் என்ன பதில் தந்தார்கள் என்று எழுதி, படத்தோடு வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு எது எந்த அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும் என்பதையும் உறையின் மேலேயே எழுதியாகிவிட்டது. மகளிடம் பீரோ சாவி இருக்கிறது. துடைக்க வேண்டியிருந்தால் எந்த எண்ணெய், எந்தத் துணி என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.